மூன்றடுக்கும் ஒரு கேள்வியும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு, இனிமேல் என் மனைவியிடம் எதையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். சாதாரண முடிவல்ல. எழுதி வைக்க வேண்டிய முடிவு. ஒன்பது பதினொன்றுக்கு அவளிடம், "பேனா எங்கே இருக்கு?" என்று கேட்டேன்.

"உங்க சட்டைப் பையில," என்றாள், தலையைத் தூக்காமல்.

இருந்தது.

இந்த முடிவுக்கு என்னைத் தள்ளியது முந்தின நாள் நடந்த ஒரு கணக்கெடுப்பு. என் மனைவி தையல்காரி. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் மிஷினைப் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிறாள். சனிக்கிழமை முழுவதும் நான் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும், ஒரு துண்டுத் துணியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு வந்திருக்கிறாள். விளக்குப் போடும் நேரத்தில் துணியை விரித்துக் காட்டினாள். நாற்பத்தொரு கோடு. துண்டு எங்கே, கண்ணாடி எங்கே, இன்றைக்கு என்ன கிழமை. எனக்குப் பசிக்கிறதா என்றும் ஒரு முறை கேட்டிருக்கிறேனாம்.

"என்னைக் கேட்காம உங்களால ஒரு வேலை செய்ய முடியுமா?"

"ஏன் முடியாது?"

"நாற்பத்திரண்டு," என்று இன்னொரு கோடு போட்டாள்.

வெளியுலகம் என்னை இப்படி அறியாது. நான் எடையளவு ஆய்வாளன். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பேன். சரியாக இருந்தால் முத்திரை. தப்பாக இருந்தால் பூட்டு. வட்டாரத்தில் உள்ள தராசெல்லாம் என்னைக் கண்டால் நடுங்கும். வீட்டில் நடுங்குவது நான்.

பிரச்சினை கேள்வி மட்டுமல்ல. அறை. எங்கள் வீட்டின் பின்பக்கம் எட்டடிக்கு ஏழடியில் ஓர் அறை உண்டு. ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். அங்கே உட்கார்ந்துதான் நான் யோசிப்பேன். அந்த அறை மிஷினுக்கு வேண்டும் என்று அவள் நான்கு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. போன வாரம் என் சாப்பாட்டில் ஒன்றே கால் அடி பச்சை நூல் வந்தது.

"அந்த ரூம்ல உட்கார்ந்து என்னதான் பண்றீங்க?"

"யோசிக்கிறேன்."

"என்ன யோசிக்கிறீங்க?"

"நான் ஏன் இப்படி இருக்கேன்னு."

"தெரிஞ்சுதா?"

"இன்னும் முடிவுக்கு வரல."

"இருபத்தேழு வருஷமாவா? வெளியில வந்து என்னைக் கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே."

அந்தச் சனிக்கிழமை இரவேதான் ஒப்பந்தம் பிறந்தது. அவள்தான் சொன்னாள். "ஒரே ஒரு வேலை. நீங்களே எடுத்து, நீங்களே முடிக்கணும். ஆரம்பிச்சதுலேர்ந்து முடியற வரைக்கும் என்கிட்ட ஒரு கேள்வி வரக் கூடாது. வந்தா ரூம் என்னுது. வரலைன்னா ரூம் உங்களுது. அப்புறம் சாகற வரைக்கும் மிஷின் பேச்சை எடுக்க மாட்டேன்."

"என்ன வேலை?"

"நாற்பத்திமூணு. அதையும் நீங்களே முடிவு பண்ணுங்க."

ஒரு வாரம் அறையில் உட்கார்ந்து யோசித்தேன். சமையல் என்றால் கைமணம், நாக்குப் பக்குவம் என்று நம்ப முடியாத சாட்சிகள் நிறைய. எனக்கு அளவில் அடங்கும் பொருள் வேண்டும். அந்த வாரம் ஒரு பேக்கரியில் தராசு சோதிக்கப் போனபோது கண்ணாடிப் பெட்டிக்குள் அதைப் பார்த்தேன். அடியில் வெண்ணெய் பிஸ்கட். நடுவில் கேரமல். மேலே சாக்லேட். மூன்றடுக்கு. வெட்டுமுகம் அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல் இருந்தது. எனக்காகவே பிறந்த தின்பண்டம்.

பேக்கரி மாஸ்டரிடம் செய்முறை கேட்டேன். "மாவு ரெண்டு கை போடுங்க சார்," என்று ஆரம்பித்தார். யாருடைய கை என்று கேட்டேன். அவர் கையைத் தராசில் வைக்கச் சொன்னேன். தராசைச் சோதிக்க வந்தவன் கையைச் சோதிப்பதில் அவருக்கு வருத்தம்தான். இருந்தாலும் கடைசியில் எல்லாவற்றையும் கிராமில் எழுதிக் கொடுத்தார். மாவு இருநூற்றைம்பது, வெண்ணெய் நூற்றெழுபத்தைந்து, சர்க்கரை எழுபத்தைந்து. கேரமலுக்கு இன்னும் நூறு வெண்ணெய், நூறு பழுப்புச் சர்க்கரை, ஒரு டின் கெட்டிப்பால். மேலே இருநூறு சாக்லேட்.

அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் நானே வாங்கினேன். ஆய்வாளனுக்கு மாற்று மாதிரி வேண்டும் என்பதால் சாக்லேட்டை மட்டும் இரட்டிப்பாக வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும், இருபத்தேழு வருடப் பழக்கத்தில், பையை அவள் கையில் கொடுத்துவிட்டேன். அவளும் இருபத்தேழு வருடப் பழக்கத்தில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டாள்.

எங்கே? அதைத்தான் கேட்கக் கூடாதே.

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சமையலறைக்குள் நுழைந்தேன். அவள் கூடத்தில் நாற்காலியைச் சமையலறை வாசலுக்கு நேராகப் போட்டுக்கொண்டு, யாருடைய கால்சட்டைக்கோ விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது கேட்கணுமா?" என்றாள். குரலில் சர்க்கரை எழுபத்தைந்து கிராம்.

"ஒண்ணுமில்ல."

இருபத்தேழு டப்பாக்கள் இருந்தன. காபி என்று எழுதிய டப்பாவில் மிளகு. உப்பு என்று எழுதியதில் கிராம்பு. பிஸ்கட் படம் போட்டதில் பொத்தான்கள். ஒரு கடையாக இருந்தால் அன்றைக்கே சீல் வைத்திருப்பேன். பத்தொன்பதாவது டப்பாவைத் திறந்தபோது பொறுமை போய்விட்டது. கேள்வியாக இல்லாமல், பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொன்னேன்.

"இந்த வீட்டுல மைதா எங்கேயாவது இருக்கும்னு நினைக்கிறேன்."

"நல்லா நினைங்க," என்றாள்.

இருபத்து நான்காவது டப்பாவில் இருந்தது.

அடுத்தது எடை. அவளுடைய சமையலறைத் தராசை எடுத்தேன். பழக்கதோஷம், முதலில் சோதித்துப் பார்த்தேன். ஆறு கிராம் கூடுதலாகக் காட்டியது. தெரிந்த பிறகு எப்படி அதில் நிறுப்பது? மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. தராசின் கழுத்தில் கம்பி சுற்றி ஓரமாக வைத்தேன்.

"என்னங்க, என் தராசைக் கட்டிப் போடறீங்க?"

"பிழையான தராசு. புழக்கத்துல இருக்கக் கூடாது."

"பன்னிரண்டு வருஷமா அதுலதான் நிறுத்துச் சமைக்கிறேன். யாராவது செத்துப்போயிட்டாங்களா?"

"நீ என்னைக் கேட்கலாம். நான்தான் உன்னைக் கேட்கக் கூடாது."

என் சொந்தப் பித்தளைத் தராசைக் கொண்டுவந்து நிறுத்தேன். மாஸ்டரின் தாளில் அடுத்த வரி: வெண்ணெய் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். எந்த அறை என்று எழுதவில்லை. எங்கள் வீட்டில் நான்கு அறை, நான்கு வெப்பம். சமையலறையில் வைத்தால் உருகும். கூடத்தில் மின்விசிறி. நீண்ட நேரம் யோசித்து, எந்த அறைக்காக இத்தனை பாடோ அந்த அறையிலேயே வைப்பதுதான் முறை என்று முடிவு செய்தேன். நானும் வெண்ணெயும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நாற்பது நிமிடத்தில் அது இளகியது. நான் அதற்கு முன்பே இளகிவிட்டேன். இந்த நாற்காலி, இந்த ஜன்னல், இந்த அடுத்த வீட்டுச் சுவர். இவை போய்விட்டால் நான் எங்கே போய் யோசிப்பேன்? குளியலறையிலா? வெளியிலிருந்து தட்டுவாளே.

பிறகு ஓவன். கல்யாணமாகிப் போன மகள் எங்களுக்கு வாங்கிக் கொடுத்தது. ஆறு வருடமாக அது பாத்திர மூடிகள் வைக்கும் அலமாரி. மாவைப் பிசைந்து, தகரத் தட்டில் சமமாக அழுத்தி, முள்கரண்டியால் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டே ஓவனைச் சூடேற்றினேன். பத்து நிமிடம் கழித்துக் கூடத்திலிருந்து குரல் வந்தது.

"ஏதோ பிளாஸ்டிக் வாசனை வருது."

"வரட்டும்."

"மூடியெல்லாம் எடுத்துட்டுத்தானே போட்டீங்க?"

எடுக்கவில்லை. பதினொரு மூடிகள் வந்தன. ஒரு மாவுச் சல்லடை, சல்லடை என்று சொல்ல முடியாத நிலையில் வந்தது. ஜன்னலைத் திறந்து, துடைத்து, மறுபடி சூடேற்றி, தட்டை உள்ளே வைத்தேன். இருபத்தெட்டு நிமிடத்தில் பிஸ்கட் வெளிறிய பொன்னிறத்தில் வந்தது. ஐம்பத்து நான்கு வயதில் முதல்முறையாக என் கையால் ஒரு பொருள் உருவாகியிருந்தது. முத்திரை குத்தலாமா என்று தோன்றியது.

கேரமல்தான் கண்டம். வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, கெட்டிப்பால் மூன்றையும் வாணலியில் போட்டுச் சின்னத் தீயில் கிண்ட வேண்டும். தாளில் மாஸ்டர் அடிக்கோடிட்டு எழுதியிருந்தார்: கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் அடிபிடிக்கும். எத்தனை நிமிடம் என்பதற்கு மட்டும் அவர் துரோகம் செய்திருந்தார். 'பதம் வரும் வரை' என்று எழுதியிருந்தார்.

பதம்! அதற்கு எடையுண்டா, நீளமுண்டா? பத்து நிமிடம் கிண்டினேன். நிறம் மாறியது. இது போதுமா? கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. கரண்டியைக் கடித்து நிறுத்தினேன். கரண்டி சூடு.

"ஏதாவது சொன்னீங்களா?"

"ஸ்ஸ்."

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. என்னால் கையை எடுக்க முடியாது. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மணி மறுபடி அடித்தது.

"யாரோ மணி அடிக்கிறாங்க," என்றேன்.

"ஆமா, எனக்கும் கேட்குது."

"கதவைத் திறந்தா நல்லது."

"நல்லதுதான். திறங்க."

ஆறாவது மணிக்கு, வாணலியைக் கைப்பிடித் துணியோடு தூக்கி இடுப்பில் அணைத்துக்கொண்டு, கிண்டிக்கொண்டே நடந்தேன். கூடத்தைக் கடந்தேன். முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளினேன். வெளியே ரசமட்டம் நின்றார்.

ரசமட்டம் என்பது எங்கள் கீழ்வீட்டு டைல்ஸ் மேஸ்திரிக்குத் தெரு வைத்த பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கும் அந்தக் குமிழிக் கட்டை எப்போதும் அவர் பையில் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் நாற்காலியில் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பண்டம் முடிவானதும், மூன்றடுக்கும் நேராக இருக்கிறதென்று மூன்றாவது மனிதர் ஒருவர் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் கடைசி வரியாக நானே சேர்த்து எழுதியிருந்தேன். அவரை அழைத்தது நான்தான். சாயங்காலம் வரச் சொல்லியிருந்தேன். ஆர்வக் கோளாறு, பதினோரு மணிக்கே வந்துவிட்டார்.

வாணலிக்குள் எட்டிப் பார்த்தார். "கலவை இன்னும் தண்ணியா இருக்கு சார். நிக்கல பாருங்க."

"நிக்கணுமா?"

"கரண்டியால நடுவுல ஒரு கோடு இழுங்க. கோடு மூடாம ஒரு நிமிஷம் நின்னாத்தான் தரைக்கு ஆகும்."

திரும்பிக் கிண்டிக்கொண்டே போய் அடுப்பில் வைத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒப்பந்தம் மனைவியைக் கேட்கக் கூடாது என்பதுதான். மேஸ்திரியைக் கேட்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது? அவளைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். ஊசி ஒரு விநாடி நின்றது. பிறகு ஓடியது.

அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் என் சமையலறையில் ஒரு கட்டட வேலை நடந்தது.

"மேஸ்திரி, கேரமலை இப்பவே பிஸ்கட் மேல ஊத்தலாமா?"

"அடித்தளம் ஆறிடுச்சா? ஆறாம மேல்பூச்சு போட்டா வியர்த்துடும் சார்."

"ஆறிடுச்சு."

"அப்ப ஒரு மூலையிலேர்ந்து ஊத்துங்க. நடுவுல கொட்டாதீங்க, மேடாயிடும்."

ஊற்றினேன். அவர் தட்டைத் தூக்கி மேஜையில் மூன்று முறை தட்டினார். காற்றுக்குமிழி வெளியே வந்தது. "இப்ப காயணும். ரெண்டு மணி நேரம். தண்ணி ஊத்தி வைக்கணுமா சார்?"

"இதுக்கு வேண்டாம்."

"எங்க வேலையில வைப்போம்."

சாக்லேட்டை உருக்கியபோது ஒரு விபத்து நடந்தது. கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணத்தை வைத்திருந்தேன். ஆவி கிண்ணத்துக்குள் சொட்டியது. பளபளவென்றிருந்த சாக்லேட் ஒரு நொடியில் களிமண்ணாகச் சுருண்டது. நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஏதாவது கேட்கணுமா?"

"மேஸ்திரி!"

"ஈரம் பட்டுடுச்சு சார். சிமெண்ட் மூட்டையில தண்ணி இறங்கின மாதிரிதான். இனிமே அது ஆகாது. வேற மூட்டை பிரிங்க."

மாற்று மாதிரி கை கொடுத்தது. இந்த முறை அடுப்பை அணைத்துவிட்டு, கிண்ணத்தை நன்றாகத் துடைத்து உருக்கினேன். வெட்டும்போது வெடிக்காமலிருக்க ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்க்கச் சொன்னார் மேஸ்திரி. எப்படித் தெரியும் என்றேன். "வெயில்ல தரை விரியும் சார், சாக்லேட் விரியாதா?" என்றார். பையிலிருந்த தன் பூச்சுக் கரணையை வெந்நீரில் கழுவி, மேல்பூச்சை அவரே இழுத்துக் காட்டப் பார்த்தார். நான் விடவில்லை. நானே என்று எழுதியிருக்கிறது. கரணையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஐந்து மணிக்குக் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, அளவுகோல் வைத்து, ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டரில் இருபத்து நான்கு துண்டுகள் வெட்டினேன். ஒவ்வொன்றையும் நிறுத்தேன். ஐம்பத்திரண்டு கிராம். அதிகமாக இருந்ததைச் சீவினேன். சீவியதைத் தின்றேன். நன்றாக இருப்பதாக எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்குத் தோன்றுவதை நான் எப்போது நம்பியிருக்கிறேன்?

ரசமட்டம் தன் ரசமட்டத்தை எடுத்தார். ஒரு துண்டின் மேல் வைத்தார். மூச்சு விடாமல் பார்த்தோம். குமிழி ஆடியது. நடுவில் வந்து நின்றது. பிறகு துண்டைக் காதருகில் வைத்து விரல் முட்டியால் தட்டினார்.

"பொள்ளல் இல்ல, உள்ளே காத்து நிக்கல," என்றார். "இருபது வருஷ சர்வீஸ்ல சொல்றேன் சார், இது மேல லாரி ஏத்தலாம்."

பாராட்டென்றுதான் எடுத்துக்கொண்டேன். அவர் ஐந்து துண்டு சாப்பிட்டார்.

பிறகு என் மனைவி எழுந்து வந்தாள். ஒரு துண்டை எடுத்தாள். திருப்பித் திருப்பி மூன்று அடுக்கையும் பார்த்தாள். கடித்தாள். மென்றாள். அந்த மாதிரி மெல்லுவதை நான் பார்த்ததில்லை. அவசரமே இல்லை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முழுத் துண்டும் முடிந்தது. விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"முடிச்சுட்டீங்க. ரூம் உங்களுது," என்றாள்.

அவ்வளவுதான். மீதியிருந்ததில் நான் ஒன்று எடுத்துக்கொண்டதும், பதினேழையும் ஒரு டப்பாவில் அடுக்கினாள். "தம்பி, பிள்ளைங்களுக்கு எடுத்துட்டுப் போங்க. நாள் பூரா கூட நின்னீங்க."

"இருக்கட்டும் அக்கா."

"எடுத்துட்டுப் போங்க."

எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஜெயித்துவிட்டேன். திங்கட்கிழமை அலுவலகம் முடிந்து வந்து, என் அறையில், என் நாற்காலியில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இனி இது சாகும்வரை என்னுடையது. நிம்மதியாக யோசிக்க ஆரம்பித்தேன். ஒரே ஒரு விஷயம்தான் யோசனைக்கு வந்தது.

அது அவளுக்கு எப்படி இருந்தது?

நன்றாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாளே. நன்றாக இல்லையென்றால் அதைவிட வேகமாகச் சொல்லியிருப்பாளே. ஏன் ஒன்றும் சொல்லவில்லை? முழுத் துண்டையும் தின்றாள். பிடித்ததாலா, பாவம் பார்த்தா? கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

"நேத்து அது எப்படி இருந்துச்சு?"

"எது?"

"அதான், மூணடுக்கு."

"அந்த விஷயத்துல என்கிட்ட ஒண்ணும் கேட்கக் கூடாதுன்னு பேச்சு."

"அது முடிஞ்சுபோச்சே!"

"முடிஞ்சுபோச்சு. அதுக்கு ரூம் வாங்கிட்டீங்க. ரூமும் வேணும், பதிலும் வேணுமா?" மிஷினை மிதித்தாள். கடகடவென்று ஓடியது.

செவ்வாய்க்கிழமை மச்சினிக்கு ஃபோன் செய்து, அக்காவிடம் நைசாகக் கேட்டுச் சொல்லும்படி கெஞ்சினேன். அரை மணியில் கூப்பிட்டாள்.

"அத்தான், கேட்டேன். அக்கா சொல்லிட்டா."

"என்ன சொன்னா?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்."

புதன்கிழமை ஒரு கடையில் நல்ல தராசுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். கடைக்காரர் அழாத குறை. வியாழக்கிழமை ரசமட்டத்தைப் படிக்கட்டில் மடக்கி, அது உண்மையில் எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஸ்ட்ராங்கா இருந்துச்சு சார்," என்றார். அறைக்குத் திரும்பினால் அடுத்த வீட்டுச் சுவர் முழுக்க அவள் மெல்லும் வாய்தான் தெரிந்தது. இந்த அறையில் இருபத்தேழு வருடம் எத்தனையோ யோசித்திருக்கிறேன். ஒன்றுக்கும் பதில் கிடைத்ததில்லை. பதில் இருக்கும் இடம் தெரிந்த ஒரே கேள்வி இதுதான். அந்தப் பதில் கூடத்தில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டேன். மிஷினைத் தூக்க முடியாமல் தூக்கி, இழுக்க முடியாமல் இழுத்து, பின்னறையில் கொண்டு வைத்தேன். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கம் விழும்படி வைக்கச் சொன்னாள். வைத்தேன். ஆட்டம் இருந்தது. கீழே போய் ரசமட்டத்தைக் கூட்டி வந்து, குமிழி நடுவில் நிற்கும்வரை காலுக்கு அட்டை கொடுத்தேன். நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினேன். அவள் உள்ளே வந்தாள், உட்கார்ந்தாள், சுற்றிப் பார்த்தாள், ஊசியில் நூல் கோத்தாள்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"ரூம் உன்னுது. இப்பவாவது சொல்லு. அது எப்படி இருந்துச்சு?"

"அஞ்சு நாள் ஆச்சுங்க, நாக்குக்கு எங்கே ஞாபகம் இருக்கும்? இன்னொரு தட்டு பண்ணி எடுத்துட்டு வாங்க, சாப்பிட்டுப் பார்த்துச் சொல்றேன். வரும்போது கதவைத் தட்டிட்டு வாங்க."